ப்ளேயிங் லெவன்ல நம்ம நட்டு இருக்காரா?

சாயங்காலம் 7 மணி. நாமக்கல்லில் ஏதோ ஒரு டீக்கடை பெஞ்ச். நாலு பேர், நாலு போன், நாலிலும் டாஸ். "லெவன் வந்துருச்சா? நட்டு இருக்காரா பாரு மாப்ள!"

சேலம், நாமக்கல் பக்கம் ஐ.பி.எல் பார்ப்பவர் என்றால் இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீங்க. மஞ்சள் ஜெர்சி போட்டவரும் கேட்பார். இத்தனைக்கும் சின்னப்பம்பட்டி நடராஜன் சென்னைக்காக ஒரு ஐ.பி.எல் ஆட்டம்கூட ஆடியதில்லை. பஞ்சாப், ஹைதராபாத், டெல்லி என்றுதான் அவர் ரூட். ஆனாலும் அவர் நம்ம ஊர் ஆளாச்சே!

இந்த இரட்டை மனசு அவருக்கே இருந்திருக்கு. 2020 அக்டோபர், துபாய். சென்னைக்கு எதிரான மேட்ச்சில் தோனி அவரை 102 மீட்டருக்கு ஒரு சிக்ஸர் அடித்தார். அடுத்த பந்திலேயே தோனி அவுட்! நட்டு கொண்டாடவே இல்லை. மேட்ச் முடிந்ததும் தோனியிடமே போய்ப் பேச, ஸ்லோ பவுன்சர், கட்டர் எல்லாம் போட்டுப் பழகச் சொன்னாராம். அந்த ராத்திரி சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த சி.எஸ்.கே ரசிகர்கள் கையைத் தூக்குங்க!

அதே சீசன், நவம்பர் 6, அபுதாபி எலிமினேட்டர். 56 ரன்னில் நின்ற டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பை யார்க்கர் பெயர்த்தது. அன்றைக்குத்தான் நட்டுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்காமலே, வலைப்பயிற்சிக்குப் பந்து போடும் ஆளாக ஆஸ்திரேலியா போனார். அங்கே ஒவ்வொருத்தராகக் காயம்பட, டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் போட்டி, ரெண்டு நாள் கழித்து டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே டூரில் மூன்று ஃபார்மேட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். ஊர் திரும்பியவரைக் குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி, மேளதாளத்தோடு கூட்டிப் போனார்கள். தறி ஓட்டியவரின் மகனுக்கு, ரோட்டோரம் சிக்கன் கடை போட்ட அம்மாவின் பிள்ளைக்குக் கிடைத்த வரவேற்பு அது.

இனி லெவன் சண்டைக்கு வருவோம். 2023-ல் இருந்து ஐ.பி.எல் கேப்டன்கள் டாஸுக்கு அப்புறம்தான் இறுதி லெவனைக் கொடுக்கிறார்கள். கூடவே ஐந்து மாற்று வீரர்களின் பெயர். அவர்களில் ஒருவர் இம்பாக்ட் ப்ளேயர். முதலில் பேட்டிங் என்றால் ஒரு பவுலர் பெஞ்ச்சில் உட்கார்ந்து, ரெண்டாவது இன்னிங்ஸில் உள்ளே வரலாம். அதனால் லெவனில் பேர் இல்லை என்றதும் போனை வீசிடாதீங்க; அந்த ஐந்து பேரையும் பாருங்க.

2024-ல் இந்தத் தேடலே தேவைப்படவில்லை. ஹைதராபாத்துக்காக 19 விக்கெட். டெல்லிக்கு எதிராக 19 ரன்னுக்கு 4 விக்கெட். அதில் 19-வது ஓவர் மெய்டன்! அடி வாங்கிய டெல்லியே அடுத்த ஏலத்தில் 10.75 கோடிக்கு எடுத்தது. எடுத்து? 2025-ல் விரல்விட்டு எண்ணும் அளவு மேட்ச்களில்தான் இறக்கியது. காயம் ஒரு பக்கம் இருக்கட்டும், டெத் ஓவரில் டெல்லி ரன்னை வாரிக் கொடுத்தபோதெல்லாம் நம்ம பெஞ்ச்சில் விழுந்த திட்டு கொஞ்சமா?

சின்னப்பம்பட்டியில் அவர் கட்டிய மைதானத்தை 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். அந்தப் பக்கம் பைக்கில் போனால் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. இப்போதைக்கு டீ ஆறுது, அடுத்த டாஸ் போடப் போறாங்க. "மாப்ள, லெவன் வந்துருச்சா?"