ஒன்பது மணி பீரங்கி

2017-ம் வருஷத்து ராத்திரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மணி சரியாக ஒன்பது. ஹவானா துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற லா கபானா கோட்டை. பழைய ஸ்பானிய சிப்பாய்களைப் போல வேஷம் கட்டிய நாலைந்து பேர், கையில் தீப்பந்தத்தோடு விறைப்பாக நடந்து வருகிறார்கள். ஏதோ கட்டளை கேட்கிறது. திரியில் தீ. அடுத்த கணம், டமால்!

சுற்றி நிற்கிற கூட்டம் கைதட்டுகிறது. பாதிப்பேர் அமெரிக்கர்கள். உல்லாசக் கப்பலில் வந்தவர்கள். கப்பல் அன்று ராத்திரி ஹவானாவிலேயே தங்குகிறது. அதனால் யாருக்கும் அவசரமில்லை.

இதிலென்ன விசேஷம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கரீபியன் கடலில் சுற்றுகிற உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் எந்த ஊரிலும் ராத்திரி தங்குவதில்லை. காலையில் வரும். சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குச் சங்கு ஊதிக் கிளம்பிவிடும். காரணம் எளிமையானது. கரையில் நிற்கும்போது கப்பலுக்குள் இருக்கிற சூதாட்டக் கூடத்தையும் வரியில்லாக் கடைகளையும் பெரும்பாலான துறைமுகங்களில் மூடி வைத்தாகவேண்டும். நடுக்கடலுக்குப் போனால்தான் கல்லா திறக்கும். அப்புறம் எவன் கரையில் நின்று பொழுதைக் கழிப்பான்?

அதற்கு ஹவானா விதிவிலக்கு. இன்று நேற்றல்ல, நானூற்றைம்பது வருஷமாக. ராத்திரி தங்கிய கப்பல்களால் வாழ்ந்த ஊர் அது. ராத்திரி தங்கிய கப்பல்களால் தலைகுனிந்த ஊரும்கூட.

அந்தப் பீரங்கிச் சத்தத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

*

மெக்ஸிகோவிலிருந்தும் பெருவிலிருந்தும் தோண்டி எடுத்த வெள்ளியை ஸ்பெயின் தன் ஊருக்குக் கொண்டுபோகவேண்டும். வழியெல்லாம் கொள்ளைக்காரர்கள். தனித்தனியாகப் போனால் அம்போதான். எனவே 1560-களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். எல்லாக் கப்பல்களும் முதலில் ஹவானாவுக்கு வந்து சேரவேண்டும். மொத்தமாகக் கூடி, காவல் கப்பல்களோடு கிளம்பவேண்டும்.

கூடுவதென்றால் சும்மாவா? வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஆயிரக்கணக்கான மாலுமிகள். வேலை இல்லை. கையில் காசு. ராத்திரிகளோ நீளம். ஹவானா பிழைக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். தங்க இடம், உப்புக்கண்டம், மது, சூது, பெண்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது.

வெள்ளி வருகிற ஊருக்கு வில்லன்களும் வருவார்கள் அல்லவா? ஏற்கெனவே 1555-ல் ழாக் தெ சோர் என்கிற பிரெஞ்சுக் கொள்ளைக்காரன் வந்து ஊரையே சூறையாடிவிட்டுப் போயிருந்தான். ஆகவே கோட்டைகள் எழும்பின. ஹவானா துறைமுகத்தின் வாய் ரொம்பக் குறுகல். ஒரு பக்கம் மொர்ரோ கோட்டை, மறுபக்கம் லா புந்தா கோட்டை. இரண்டுக்கும் நடுவே குறுக்கே ஒரு சங்கிலித் தடுப்பு. ராத்திரி பீரங்கி வெடித்தால் நகரத்தின் கதவுகளை மூடுகிறார்கள், துறைமுகத்தின் வாயையும் அடைக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே இருப்பவன் உள்ளே. வெளியே இருப்பவன் வெளியே.

1762-ல் இங்கிலாந்து படையெடுத்து வந்தபோது அந்தத் தடுப்பு உதவவில்லை. அவர்கள் வேறு பக்கமாகக் கரையிறங்கி மொர்ரோ கோட்டைக்கே வெடி வைத்துவிட்டார்கள். மறு வருஷம் ஃப்ளோரிடாவை வாங்கிக்கொண்டு ஹவானாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பட்ட அடியில் ஸ்பெயின் கட்டியதுதான் லா கபானா கோட்டை.

*

அடுத்த முக்கியமான ராத்திரி, 1898 பிப்ரவரி 15.

கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிராகக் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம். 'மேய்ன்' என்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் ஜனவரி 25 அன்று ஹவானாவுக்கு வந்து நின்றது. நட்புமுறை விஜயம் என்றார்கள். மூன்று வாரம் நின்றது. அன்று ராத்திரி 9.40 மணிக்கு வெடித்துச் சிதறியது. 260-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

ஸ்பெயின் வைத்த கண்ணிவெடி என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அலறின. விசாரணைக் குழுவும் கண்ணிவெடிதான் என்றது. ஏப்ரலில் யுத்தம். ஸ்பெயின் தோற்றது. கியூபா அமெரிக்காவின் பிடிக்குள் வந்தது. 1902-ல் சுதந்தரம் கொடுத்தார்கள். ஆனால், வேண்டும்போது உள்ளே நுழைவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

1976-ல் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் பழைய ஆவணங்களையெல்லாம் எடுத்து ஆராய்ந்தார். கப்பலின் நிலக்கரி அறையில் தானாகப் பற்றிய தீதான் காரணமாக இருந்திருக்கவேண்டும் என்று முடிவுக்கு வந்தார். எழுபத்தெட்டு வருஷம் கழித்து!

*

1920 ஜனவரியில் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. நாடு முழுக்க. ஃப்ளோரிடாவின் தென்கோடியிலிருந்து ஹவானா வெறும் 90 மைல். அங்கே மதுவிலக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. கேட்கவேண்டுமா? அமெரிக்காவில் கடையை மூடிய சாராய வியாபாரிகள் சிலர் அப்படியே இங்கே வந்து கடை விரித்தார்கள். பின்னாலேயே வாடிக்கையாளர்களும் கப்பலேறி வந்தார்கள். 1933 டிசம்பரில் மதுவிலக்கு போய்விட்டது. வந்த பழக்கம் போகவில்லை. மியாமியில் சாயங்காலம் கப்பல் ஏறினால் காலையில் ஹவானா.

அந்தக் கொண்டாட்டங்களுக்கு நடுவில்தான் அது நடந்தது.

1939 மே 27. விடியற்காலை. ஹவானா துறைமுகத்துக்குள் 'செயின்ட் லூயிஸ்' என்கிற ஜெர்மானியக் கப்பல் வந்து நின்றது. ஹம்பர்க்கிலிருந்து மே 13 அன்று கிளம்பிய கப்பல். உல்லாசப் பயணங்களுக்கும் போய்வந்த அழகான கப்பல்தான். ஆனால், இந்தமுறை ஏறியிருந்த 937 பேரில் அநேகமாக எல்லோரும் யூதர்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள். முந்தைய நவம்பரில்தான் அங்கே யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கி, ஆயிரக்கணக்கானவர்களை முகாம்களுக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

பெரும்பாலானவர்களின் திட்டம் சின்னது. அமெரிக்க விசாவுக்கு மனு போட்டாயிற்று. முறை வரும்வரை கியூபாவில் இருக்கவேண்டும். அதற்கான அனுமதிச் சீட்டு கையில் இருந்தது.

சீட்டில்தான் சிக்கல். கியூபாவின் குடியேற்ற இலாகா தலைவர் மனுவேல் பெனிதெஸ் என்பவர் அதை 150 டாலரும் அதற்கு மேலும் வாங்கிக்கொண்டு விற்றுக்கொண்டிருந்தார். சம்பாத்தியம் லட்சக்கணக்கில். இது அரசாங்கத்தில் மற்றவர்கள் கண்ணை உறுத்தியது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் வேறு. அகதிகளுக்கு எதிராகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. ஊர்வலம், கூட்டம் எல்லாம் நடந்தன. கப்பல் கிளம்புவதற்கு எட்டு நாள் முன்னால், ஜனாதிபதி லாரெடோ ப்ரூ ஓர் உத்தரவு போட்டார். பழைய சீட்டுகள் செல்லாது. இனி மந்திரிகளின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். ஆளுக்கு 500 டாலர் பிணையும் கட்டவேண்டும்.

அந்த உத்தரவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் பிணை கட்டத் தேவையில்லை.

இந்த ஒரு வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குடிக்கவும் ஆடவும் வருகிறவன் ஒரு காசு பிணை இல்லாமல் இறங்கலாம். உயிர் பிழைக்க வருகிறவன் 500 டாலர் கட்டவேண்டும். துறைமுகம் ஒன்றுதான். கடலும் ஒன்றுதான்.

கப்பலைக் கரையோடு அணைய விடவில்லை. நடுவே நங்கூரம் பாய்ச்சி நிற்கச் சொன்னார்கள். செல்லுபடியாகும் ஆவணம் வைத்திருந்த 28 பேரை மட்டும் இறக்கினார்கள். ஏற்கெனவே ஹவானாவுக்கு வந்து சேர்ந்திருந்த அப்பாக்கள், அண்ணன்கள் சின்னச் சின்னப் படகுகளை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கப்பலைச் சுற்றி வந்தார்கள். மேல்தளத்தில் நிற்கிற மனைவி தெரிகிறாள், பிள்ளைகள் தெரிகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தூரம்தான். போலீஸ் படகுகள் நெருங்கவிடவில்லை.

ஒருவர் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு கடலில் குதித்துவிட்டார். அவரை மட்டும் தூக்கி ஹவானா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருடைய மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் இறங்க விடவில்லை.

கப்பலின் கேப்டன் குஸ்தாவ் ஷ்ரோடர் ஜெர்மானியர். யூதர் அல்ல. வரும் வழியில், பயணிகள் பிரார்த்தனை செய்வதற்காகச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்த ஹிட்லர் படத்தையே கழற்ற அனுமதித்த மனிதர். கரையேறிப் போய் மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை.

ஆறு ராத்திரிகள். எதிரே ஹவானாவின் விளக்குகள். ஒவ்வொரு ராத்திரியும் கண்ணெதிரே கரை இருந்தது, கால்வைக்க முடியவில்லை.

ஜூன் 2 அன்று வெளியே போ என்று உத்தரவு. கப்பல் மெல்ல நகர்ந்து ஃப்ளோரிடா பக்கம் போனது. இப்போது மியாமியின் விளக்குகள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி கொடுத்தார்கள். பதில் வரவில்லை. இங்கே ஹவானாவில் பேரம் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தவர்கள் 907 பேர். தலைக்கு 500 டாலர் வீதம் 4,53,500 டாலர் பிணை கட்டினால் ஏற்கிறேன் என்றார் ப்ரூ. யூத நிவாரண அமைப்பின் சார்பில் பேசியவர் வேறு ஒரு கணக்குச் சொன்னார். பேச்சு முறிந்தது.

கப்பல் திரும்பியது. ஹம்பர்க்குக்குக் கொண்டுபோய் விடக்கூடாது என்று கேப்டன் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் நான்கு தேசங்கள் பங்கு போட்டுக்கொண்டன. பிரிட்டன் 288 பேர், பிரான்ஸ் 224, பெல்ஜியம் 214, நெதர்லாந்து 181. பிரிட்டனுக்குப் போனவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். மற்ற மூன்று தேசங்களுக்குள்ளும் அடுத்த வருஷமே ஹிட்லரின் படை வந்துவிட்டது. செயின்ட் லூயிஸில் வந்தவர்களில் 254 பேர் கொல்லப்பட்டார்கள்.

அதே 1939 டிசம்பர் கடைசியில் ஹவானாவில் 'ட்ராபிகானா' என்கிற புகழ்பெற்ற நடன விடுதி திறந்தார்கள். கூட்டம் அம்மியது.

*

பிறகு நடந்ததெல்லாம் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1952-ல் பாடிஸ்டா ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார். பத்து லட்சம் டாலர் போட்டு ஹோட்டல் கட்டினால் சூதாட்ட உரிமம், பூர்விகம் கேட்கமாட்டோம் என்று 1955-ல் சட்டம் வந்தது. பூர்விகத்தைச் சொல்ல முடியாதவர்களுக்கு இது போதாதா? மேயர் லான்ஸ்கி என்கிற அமெரிக்க மாஃபியா பெரும்புள்ளியின் 'ரிவியரா' ஹோட்டல் 1957 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒரே வருஷம். 1959 புத்தாண்டு ராத்திரி பாடிஸ்டா விமானமேறி ஓடிப்போக, மக்கள் சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள்.

ஃபிடல் காஸ்ட்ரோ வந்தார். 1960-ல் துறைமுகக் கட்டடங்கள் பறிமுதல். 1962-ல் அமெரிக்காவின் முழுப் பொருளாதாரத் தடை. எழுபதுகளின் கடைசியில் சில பயணங்கள் நடந்ததோடு சரி. அமெரிக்க உல்லாசக் கப்பல் எதுவும் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

2014 டிசம்பரில் ஒபாமாவும் ராவுல் காஸ்ட்ரோவும் சமாதானம் பேச, 'அடோனியா' என்ற கப்பல் தயாரானது. மறுபடியும் அதே கேள்வி. யார் இறங்கலாம்? கியூபாவில் பிறந்தவர்கள் கடல் வழியாக உள்ளே வரக்கூடாது என்று அங்கே ஒரு பழைய விதி. ஆக, டெக்ஸாஸ்காரன் இறங்கலாம். ஹவானாவில் பிறந்தவன் இறங்கக்கூடாது! மியாமியில் போராட்டம், வழக்கு எல்லாம் நடந்து, 2016 ஏப்ரலில் விதியை மாற்றினார்கள். மே 2 அன்று அடோனியா ஹவானாவுக்குள் நுழைந்தது. கரையில் ஒரே ஆரவாரம்.

ராத்திரி தங்குகிற கப்பல்கள் வர ஆரம்பித்தன. ஒரு ராத்திரிக்கு என்ன பெரிய மதிப்பு என்று நினைக்காதீர்கள். பகலில் வந்து போகிறவன் தொப்பி வாங்குவான், படம் எடுப்பான், போய்விடுவான். ராத்திரி இருப்பவன் சாப்பிடுவான், பாட்டு கேட்பான், பழைய ஷெவர்லே காரை வாடகைக்கு எடுத்துக் கடற்கரைச் சாலையில் சுற்றுவான். வீட்டையே சாப்பாட்டுக் கடையாக்கியவர்கள், கார் ஓட்டிகள், பாட்டுக்காரர்கள். ஏதோ கொஞ்சம் காசு பார்த்தார்கள்.

2019 ஜூன் 4. ட்ரம்ப் அரசு ஓர் உத்தரவு போட்டது. இனி கியூபாவுக்கு உல்லாசக் கப்பல் போகக்கூடாது. மறுநாளே அமல். ஹவானாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல் வேறு திசையில் திரும்பியது. கிட்டத்தட்ட எட்டு லட்சம் முன்பதிவுகள் பாதிக்கப்பட்டதாகக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் சொன்னது. போதாக்குறைக்கு, 1960-ல் பறிகொடுத்த துறைமுகக் கட்டடங்களுக்குச் சொந்தம் கொண்டாடிய கம்பெனி, அங்கே கப்பலை நிறுத்திக் காசு பார்த்தது குற்றம் என்று வழக்குப் போட்டது. 2022-ல் நான்கு கப்பல் நிறுவனங்கள் 40 கோடி டாலருக்கும் மேல் தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2024-ல் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஏறியது.

பழைய காலத்தில் ஹவானா துறைமுகத்தின் வாயைச் சங்கிலி போட்டு அடைத்தார்கள். பீரங்கி வெடித்தால், மூடப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடிவந்து உள்ளே புகுந்துகொள்ள அவகாசம் இருந்தது. விடிந்தால் கதவு திறக்கும் என்ற நிச்சயமும் இருந்தது.

1939-ல் கப்பலில் நின்றவர்களுக்கும், 2019-ல் கரையில் காரோடு நின்றவர்களுக்கும் அதுகூட இல்லை. இருவர் இழந்ததும் ஒன்றல்ல. ஒருவர் உயிரை, மற்றவர் பிழைப்பை. ஆனால், இரண்டு தடவையும் கதவை மூடியது எங்கோ ஒரு மேஜையில் போட்ட கையெழுத்துதான். அதற்குச் சத்தமே கிடையாது.