மணல் ஈயைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிய வரலாறு

மணல் ஈயின் இனங்களைப் பிரித்தறிந்த வரலாறும் அதைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றக் கற்ற வரலாறும் வேறுவேறல்ல என்பது இக்கட்டுரையின் துணிபு. எந்த உறுப்பினூடே ஒளி புகும்படி செய்ய முடிந்ததோ, அந்த உறுப்பைக் கொண்டே அந்தந்தக் காலத்தில் இனங்கள் வகுக்கப்பட்டன. காலா அசார் எனும் கருங்காய்ச்சலைப் பரப்பும் இந்திய மணல் ஈயை முன்வைத்து இதைக் காட்ட முயல்கிறேன்.

மணல் ஈ இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமே உடையது. சாதாரணக் கொசுவலைக் கண்ணிக்குள் நுழைந்துவிடும். உடல், சிறகு, கால் எங்கும் மயிர். பெரிய பூச்சிகளைப் போல் ஊசியில் குத்தி உலர்த்தினால் சுருங்கி உருக்குலையும். விரல் பட்டால் மயிர் உதிரும். 1908-இல் கல்கத்தாவில் அன்னண்டேலும் புருனெட்டியும் இட்ட 'ஃபிளபோடோமஸ் அர்ஜென்டிபஸ்' என்ற பெயருக்கு வெள்ளிக்கால் என்று பொருள். கண்ணுக்குத் தெரிந்த நிறமே பெயராயிற்று. 1911-இல் மால்டா தீவுகளின் மணல் ஈக்களை ஆராய்ந்த நியூஸ்டெட், ஆண் ஈயின் வாற்பகுதிக் கவ்விகளை நம்பினார். அவை உடலுக்கு வெளியே நீட்டி நிற்பவை, எளிதில் தெரிபவை. ஆனால் கடிப்பது பெண் ஈ. அதை இனம் காண்பதுதான் கடினமாக இருந்தது.

நோய் பற்றிய தேடல் வேறு பாதையில் நடந்துகொண்டிருந்தது. 1903-இல் சென்னையில் டோனவன் நோயாளியின் மண்ணீரலில் ஒட்டுண்ணியைக் கண்டார். அதைப் பரப்புவது எது? கிண்டி கிங் நிலையத்தில் பணிபுரிந்த பேட்டன் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். 1924-இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர் வெள்ளிக்கால் ஈயின் குடலில் ஒட்டுண்ணி பெருகுவதைக் கண்டபின்தான் மணல் ஈ மீது பார்வை நிலைத்தது. நோயுள்ள மாவட்டங்களில் இந்த ஈயும் உண்டு என்று காட்டியவர் சின்டன். எந்த ஊரில் எந்த ஈ என்று ஐயமின்றிச் சொல்ல முடியாவிட்டால் அந்த வாதமே நிற்காது. அவர் 1920-களில் எழுதிய தொடர் கட்டுரைகள் ஈயின் வாய்க்குழிக்குள்ளும் தொண்டைக்குள்ளும் சென்றன.

அங்கே செல்ல வழி காரம். பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஈயை ஊறவைத்தால் தசை கரைந்து கைட்டின் கூடு மட்டும் எஞ்சும். காரத்தைக் கழுவி நீக்கி, தலையைத் தனியே அறுத்து, பிடரித் துளை மேல்நோக்க வைத்து மூடுகண்ணாடியால் அழுத்த வேண்டும். தலையை நிமிர்த்து வைத்தாலோ சாய்த்து வைத்தாலோ வாய்க்குழி மறைந்துவிடும். சரியாக வைத்த தலையில், ஈ 'செர்ஜென்டோமியா' என்ற வேறொரு மணல் ஈப் பேரினத்தைச் சேர்ந்ததானால் குறுக்கே ஒரு வரிசைப் பற்களும் அருகில் ஒரு கறைத்திட்டும் தெரியும். அர்ஜென்டிபஸில் அந்த வரிசை இல்லை. முன்னது பெரும்பாலும் ஊர்வனவற்றைக் கடிப்பது. கருங்காய்ச்சலோடு தொடர்புள்ளது பின்னது. ஒரு நோயின் புவியியல் இந்தப் பல்வரிசையில் தங்கியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெருசலேமில் ஆட்லரும் தியோடரும் பெண் ஈயின் விந்துப்பையை முக்கிய அடையாளமாக்கினர். இங்கே புதிய சிக்கல். கனடா பால்சம் பல தலைமுறை கெடாமல் நிற்கும் பிசின். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.53, கைட்டினுக்கு மிக நெருக்கம். மெல்லிய விந்துப்பை அதில் கண்ணுக்குத் தப்பிவிடும். வேலம் பிசின், குளோரல் ஹைட்ரேட், கிளிசரின் கலந்த பெர்லீசு வகைக் கலவைகளில் இந்த எண் குறைவு என்பதால் பை தெளிவாகத் தெரிந்தது. ஈயை ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்க வேண்டிய வேலையும் இல்லை. விலை பின்னால் வந்தது: ஆண்டுகள் கடந்தபோது கலவை வற்றியது, படிகம் கட்டியது, கறுத்தது. உடனே பார்ப்பதா, நெடுங்காலம் காப்பதா என்ற இந்தத் தெரிவு ஒவ்வொரு ஆய்வகத்தின் சேகரிப்பிலும் தடம் விட்டிருக்கிறது. 1968-இல் வில்லிஸ் வர்த்தும் மார்ஸ்டனும், கடிக்கும் மிகச்சிறு ஈக்கள் போன்ற சிறு பூச்சிகளை ஃபீனாலால் தெளியவைத்துப் பால்சத்திலேயே ஏற்றும் முறையை வெளியிட்டனர். காப்பதே முதன்மை என்பவர்கள் அதைப் பின்பற்றினர்.

1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அர்ஜென்டிபஸ் கடித்தே மனிதருக்கு நோய் தொற்றுவதை நிறுவினர். ஆனால் ஈயைப் பற்றிய கேள்வி அதோடு ஓயவில்லை. மரபணுவைப் படிக்கும் காலம் வந்தபோது, உள்ளிருப்பதையெல்லாம் கரைக்கும் காரமே தடையாயிற்று. அதனால் இன்று தலையும் வயிற்று நுனியும் தகட்டுக்குப் போகின்றன, மார்புப்பகுதி டி.என்.ஏ. ஆய்வுக்காக ஒதுக்கப்படுகிறது.

2010-இல் இளங்கோ, அர்ஜென்டிபஸ் என்று அழைக்கப்பட்டது உண்மையில் மூன்று இனங்களின் தொகுதி என்று காட்டினார். அவர் கையாண்ட அடையாளங்களுள் முக்கியமானது, உணர்கொம்பிலுள்ள ஓர் உணர்மயிரின் நீளத்துக்கும் அது அமைந்த கணுவின் நீளத்துக்கும் உள்ள விகிதம். கொம்பு முறியாமல், மடங்காமல், தகட்டின் தளத்தோடு படிந்து கிடந்தால்தான் அந்த அளவை எடுக்க முடியும்.