பெருக்கமரமும் வரலாறும்: மன்னார் மரம் பற்றிய ஒரு நோக்கு

மன்னாருக்குச் செல்வோர் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைக் காணத் தவறுவதில்லை. அதன் உயரம் ஏறத்தாழ 7.5 மீற்றர், அடிமரத்தின் சுற்றளவோ 19.5 மீற்றர் என்பர். நெடுந்தீவிலும் இவ்வினத்து மரம் உண்டு. நமது வளவுகளில் வளரும் எம்மரத்தோடும் இது ஒத்துநோக்கத்தக்கதன்று. ஒரு மரம் இன்னதென இனங்காண்பது தாவரவியலாரின் பணி. அது எவ்வாறு வந்ததென ஆராய்வது வரலாற்று மாணவரின் பணி. முதல் வினாவிற்கு விடை கிடைத்ததும் இரண்டாவதும் தீர்ந்ததெனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இம்மரத்தை அறிவியலுலகம் இனங்கண்டது ஒரே நாளிலன்று. இத்தாலிய மருத்துவரான புரொசுப்பரோ அல்பினி, எகிப்தில் தாம் அறிந்த இதன் கனியை 1592இல் வெளிவந்த தமது நூலில் விவரித்தார். பிரெஞ்சு அறிஞரான மிசேல் அடன்சன் 1749இல் செனகலை அடைந்து, மரத்தை அது வளரும் நிலத்திலேயே நுணுகி ஆராய்ந்தார். 1759இல் லின்னேயசு இதற்கு ‘அடன்சோனியா டிஜிற்றாற்றா’ எனப் பெயரிட்டார். முற்பகுதி அடன்சனையும், பிற்பகுதி விரித்த விரல்கள் போன்ற இலையமைப்பையும் சுட்டும். இலையுதிர்ந்து நிற்கும் வறண்ட காலத்தில் இம்மரத்தைப் புதிதாகக் காண்போர் திகைப்பது இயல்பே. மாலையில் மலர்ந்து தொங்கும் வெண்ணிறப் பூவும், வன்மையான ஓட்டினுள் புளிப்புச் சதை கொண்ட காயும் ஐயத்தைத் தீர்ப்பன.

தமிழ் மக்களும் தம் வழியில் இதனை இனங்கண்டனர். பெருக்கு என்பது பருமனை நோக்கி எழுந்த பெயராதல் கூடும். ஆனைப்புளி, பப்பரப்புளி என்னும் பெயர்கள் சுவையை நோக்கியவை. பழகிய புளியோடு பழகாத மரத்தை ஒப்பிட்டவை. பப்பரம் என்னும் அடையோ பிறநாட்டை உணர்த்துவது. மரம் வந்தேறியது என்னும் நினைவு பெயரிலேயே தங்கியுள்ளது எனலாம்.

கொணர்ந்தவர் யாவர்? ஒட்டகங்களுக்குத் தீனியாக அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது பரவலான கூற்று. அராபியருக்கும் இக்கரையோரத்திற்கும் தொடர்பிருந்தமை ஐயத்திற்கிடமற்றது. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததைப் பதிவுசெய்துள்ளார். ஆயின், வணிகர் வந்தனர் என்பது மரத்தை அவர்களே நட்டனர் என்பதற்குச் சான்றாகாது. பள்ளிமுனை மரம் 1477இல் நடப்பட்டது என்பர். அதன் வயது 700 ஆண்டுகள் என்றும் கூறுவர். இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. 1477இல் நட்ட மரத்திற்கு இன்று 550 ஆண்டுகள் அளவிலேயே ஆகும். பருமனைக் கொண்டு வயதைக் கணிப்பதும் இடருடையது. அவ்வாறு கணித்தே அடன்சன் சில மரங்களுக்கு 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது கூறினார். பல தண்டுகள் இணைந்து ஒரே அடிமரமாவதும், நீரளவிற்கேற்பத் தண்டு பருத்துச் சுருங்குவதும் இம்மரத்தின் இயல்புகள். கதிரியக்கக் காபன் முறையே இங்கு நம்பத்தக்கது.

2015இல் வெளியான பரம்பரையலகு ஆய்வொன்று இவ்வினாவிற்குப் புதிய ஒளி தந்தது. ஆபிரிக்கா, இந்தியா, மசுக்கரீன் தீவுகள், மலேசியா ஆகிய இடங்களின் மரங்கள் அதில் ஒப்பிடப்பட்டன. இந்திய உபகண்டத்திற்கு இம்மரம் ஒருமுறையன்றிப் பலமுறை வந்தது என்பது அதன் முடிபு. இந்திய மரங்கள் மொம்பாசா முதல் தாரெசுசலாம் வரையான கரையோர மரங்களுக்கு மிக நெருங்கியவை. தென்கிழக்கு இந்திய மரங்களோ மேற்கு ஆபிரிக்க மரங்களோடு ஒரே தொகுதியில் அடங்கின; அவை 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியரின் குடியேற்றத் தொடர்புகள் வழியே வந்தன என ஆய்வாளர் கருதினர். கடலுக்கு அப்பால் மிக அருகில் உள்ள நிலத்திற்கே ஐரோப்பியர் வழி இம்மரம் வந்திருப்பின், 1560இல் போர்த்துக்கேயர் கைப்பற்றிய மன்னாரை அராபியர் கதையோடு மட்டும் நிறுத்துதல் எங்ஙனம்?

அவ்வாய்வு இன்னொன்றையும் சுட்டியது. ஆபிரிக்காவின் சாம்பேசி, கில்வா பகுதிகளில் வெவ்வேறு தொகுதி மரங்கள் கலந்திருப்பது, 15ஆம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரை உள்நாட்டு மக்கள் அடிமைகளாகக் கடத்தப்பட்ட வரலாற்றைப் பிரதிபலிக்கலாம் என்றது. இம்மரத்தின் இலையையும் கனியையும் உணவாகக் கொண்டவர் அம்மக்களே. இலங்கைக்கும் ஆபிரிக்கர் கொணரப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் புத்தளத்தின் சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். விதை வணிகனின் பையில் வந்ததா, அடிமையின் மடியில் வந்ததா என்னும் வினா இதனால் பொருளுடையதாகின்றது. வணிகருக்கு வரலாற்றில் பெயருண்டு, மற்றையோருக்கு இல்லை.

மன்னார், நெடுந்தீவு மரங்களின் இலைகளை ஆபிரிக்க மரங்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் நமது பல்கலைக்கழகங்களின் தாவரவியல், வரலாற்றுத் துறைகள் கூடிச் செய்யத்தக்க பணியாகும். அது நிறைவேறும்வரை, அராபியர் கொணர்ந்த மரம் என்பதை முடிந்த முடிபாகக் கொள்ளாது, செவிவழிச் செய்தியாகக் கொள்வதே வரலாற்று மாணவருக்கு ஏற்புடைத்து.