லேசர் ஸ்கேனிங் நுண்ணோக்கியும் சுருக்க உணர்தலும்

லேசர் ஸ்கேனிங் நுண்ணோக்கி, மாதிரியின் மீது லேசர் ஒளியை ஒவ்வொரு புள்ளியாக ஓட்டிப் படம் எடுக்கும் கருவி. துல்லியத்துக்குக் குறைவில்லை, வேகத்தில்தான் திணறும். பக்கத்துக்கு 512 புள்ளி என்றால் மொத்தம் 2,62,144 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் 2 மைக்ரோநொடி நின்றாலே அரை நொடி கடந்துவிடும். நரம்பணுவின் மின்துடிப்போ ஓரிரு மில்லிநொடியில் முடிந்துபோகிறது.

இந்தக் கருவியின் மூதாதையில் லேசரே கிடையாது. மூளைத் திசுவில் பின்னிக் கிடக்கும் நரம்பணுக்களைப் பிரித்துப் பார்க்க, 1955இல் ஹார்வர்டில் மார்வின் மின்ஸ்கி கன்ஃபோக்கல் நுண்ணோக்கியைச் செய்தார். குவிபுள்ளிக்கு வெளியிலிருந்து வரும் மங்கல் ஒளியை அதில் ஓர் ஊசித்துளை தடுத்தது. ஒளிக்கற்றையை அசைக்காமல் மாதிரியையே நகர்த்தினார். படம் ராணுவம் கழித்துவிட்ட ராடார் திரையில் தெரிந்தது. ஒரு படத்துக்குச் சுமார் 10 நொடி. 1961இல் காப்புரிமை கிடைத்தும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1980களில் கேம்பிரிட்ஜில் ஜான் வைட், பிராட் ஏமஸ் குழுவினர் லேசர் கன்ஃபோக்கலை உயிரியல் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்தனர். 1990இல் கார்னெலில் வின்ஃப்ரைட் டெங்க் குழு, இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஒருசேர உறிஞ்சப்படும் இடத்தை மட்டும் ஒளிரவைக்கும் இரு-ஃபோட்டான் முறையைக் காட்டியது. நொடிக்கு 8,000 முறை அதிரும் ஆடிகள் வந்தபின் நொடிக்கு 30 படங்கள் சாத்தியமாயின. அதற்குமேல் விரட்டினால் புள்ளிக்குக் கிடைக்கும் ஃபோட்டான்கள் குறைந்து படம் இரைச்சலாகிவிடும்.

வழி பிறந்தது கணிதத்தில்.

எம்மானுவேல் கான்டெஸ், ஜஸ்டின் ராம்பெர்க், டெரன்ஸ் டாவ் ஆகியோரும், தனியாக டேவிட் டோனஹோவும் 2006இல் வெளியிட்ட கட்டுரைகள் சுருக்க உணர்தலுக்கு அடித்தளமிட்டன. படத்தின் சாரம் சில எண்களில் அடங்கும் என்றால், எல்லாப் புள்ளியையும் அளக்க வேண்டியதில்லை. பல புள்ளிகளை ஒரே நேரத்தில் வெவ்வேறு கோலங்களில் ஒளியூட்டி, வரும் மொத்த ஒளியை மட்டும் ஒரே உணரியால் அளந்தால் போதும். அந்தக் கூட்டுத்தொகைகள் அனைத்துக்கும் பொருந்தும் மிக எளிய படத்தைக் கணினி தேடித் தரும். 2012இல் கான்டெஸும் மாக்ஸிம் தஹானும் இடம்பெற்ற குழு, ஒளிர் நுண்ணோக்கியில் இப்படிப் படப்புள்ளி எண்ணிக்கையில் 32இல் ஒரு பங்கு அளவீடுகளைக் கொண்டே செல்களைப் படமெடுத்தது.

அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்திலிருந்து 2019இல் வெளியான இரு-ஃபோட்டான் முறை, புள்ளிக்குப் பதிலாக நான்கு கோணங்களில் ஒளிக்கோடுகளை ஓட்டியது. நரம்பணுக்கள் எங்கிருக்கின்றன என்பது முன்பே எடுத்த படத்திலிருந்து தெரியும். எது எவ்வளவு ஒளிர்ந்தது என்பதைக் கணக்கிட்டால் போதும். எலி மூளையில் நொடிக்கு 1,000 படங்களுக்கு மேல் கிடைத்தன.

ஆனால் ஒளிர்பவை குறைவாக, சிதறி இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். திசு முழுவதும் ஒளிர்ந்தால் கணினி தரும் படத்தை நம்ப முடியாது. அங்கே ஒவ்வொரு புள்ளியாக அளப்பதே சரி.