கொலம்பிய நாட்டு அடுக்களை

வரலாறு என்றதும் நம் பிள்ளைகள் மன்னரையும் போர்களையும் ஆண்டுகளையுமே நினைக்கின்றனர். தேர்வுக்கு அவை வேண்டுவனவே. ஆயினும், ஒரு நாட்டின் அடுப்பங்கரையிலும் அந்நாட்டு வரலாறு குடியிருக்கின்றது. தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள கொலம்பியா இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டின் மலைச் சமவெளியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில், மூயிஸ்கா என்னும் தொல்குடியினர் வாழ்ந்தனர். மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் அவர்தம் உணவு; உப்பு அவர்தம் வாணிகச் சரக்கு. பொன்னைத் தேடி 1537இல் மலையேறி வந்த ஸ்பானியத் தலைவன் ஹிமேனஸ் தெ கெசாதா, அடுத்த ஆண்டு பொகோட்டா நகரை நிறுவினான். 1539இல் வேறு இரு படைகளும் அங்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று கோழியையும் மற்றொன்று பன்றியையும் கொணர்ந்தன என்பர். பொன் ஸ்பெயினுக்குச் சென்றது. கோழி மூயிஸ்காக்களின் கிழங்குப் பானைக்குள் சென்றது. இன்று பொகோட்டா இல்லங்களில் சமைக்கப்பெறும் ‘அஹியாக்கோ’ என்னும் குழம்பு இவ்வாறு கலந்த உணவே. மூவகை உருளைக்கிழங்கு இதற்கு வேண்டும். அவற்றுள் சிறிய மஞ்சள் கிழங்கு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். மணத்திற்கு ‘குவாஸ்காஸ்’ என்னும் கீரையை இடுவர். இதே செடி நம் நாட்டு மலைப்புறங்களிலும் களையாக முளைக்கின்றது, பிடுங்கி எறிகின்றோம்!

நாடெங்கும் பரவிய உணவு ‘அரேப்பா’ என்னும் மக்காச்சோள அடை. பண்டு சோளத்தை மர உரலிலிட்டு உலக்கையால் குற்றி, உமி நீக்கி, வேகவைத்து அரைத்து, தட்டிச் சுட்டனர். விடியுமுன் எழுந்து இடித்த பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வெந்த சோள மாவைப் பொட்டலமாக விற்கும் முறை அண்டை நாடாகிய வெனிசுவேலாவில் 1960இல் வந்த பின்னரே அவர்தம் தோள்வலி குறைந்தது.

கடற்கரையின் கதை கண்ணீர் கலந்தது. 1533இல் நிறுவப்பெற்ற கார்த்தஹேனா துறைமுகத்தில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக இறக்கி விற்றனர். அவர்களுட் பலர் தப்பியோடிக் காட்டில் அரண் அமைத்து வாழ்ந்தனர். அவ்வழி வந்த பலெங்கே ஊரின் பண்பாட்டினை 2005இல் யுனெஸ்கோ போற்றியது. அவ்வூர்ப் பெண்கள் தலையில் தட்டேந்தித் தேங்காய் மிட்டாய் விற்பதை இன்றும் கார்த்தஹேனாத் தெருக்களில் காணலாம். தேங்காய்ப் பாலில் சோறு சமைப்பதும் அக்கரையோர வழக்கம். அரிசி, தேங்காய், வாழை மூன்றும் நம் பக்கத்து உலகிலிருந்து அங்குக் குடியேறியவை.

வாழையிலையில் பொதிந்து அவிக்கும் ‘தமால்’ என்றோர் உணவும் உண்டு. பெயரைக் கேட்டதும் நம் சங்க அன்பர் ஒருவர், “அங்கும் தமிழா!” என மகிழ்ந்தார். அது மெக்சிகோவின் நஹுவாட்டில் மொழிச்சொல். ஓசை ஒத்திருப்பதன்றி உறவு யாதும் இல்லை.

ரெயில்வேயில் பேரேடு எழுதும் நமக்கு அந்தியோக்கியா மாநிலத்தின் கதையில் தனிப்பற்று. மலைப்பாதையில் கோவேறு கழுதை ஓட்டிச் சென்றோர் அவரைப் பருப்பும் அரேப்பாவும் ‘பனேலா’வும் உண்டே காலங் கழித்தனர். பனேலா என்பது நம் வெல்லமே. அதை நீரிற் கரைத்துப் பானகம்போல் பருகுவர். 1874இல் தொடங்கிய இருப்புப்பாதை வேலை மலைமுகட்டில் தடைப்பட்டது. 1929இல் சுரங்கம் திறக்கும்வரை பயணிகள் ஒரு பக்கம் இறங்கி, மலை கடந்து, மறுபக்கம் வண்டி ஏற நேர்ந்தது.

சோளத்தைப் புளிக்கவைத்த ‘சிச்சா’ என்னும் மூயிஸ்கா பானத்திற்கு மட்டும் கேடு வந்தது. 1948 ஏப்ரல் 9இல் மக்கள் தலைவர் கைத்தான் கொல்லப்பட, பொகோட்டாவில் பெருங்கலகம் மூண்டது. அவ்வாண்டே சட்டம் சிச்சாவை முடக்கியது. மதுவுக்குப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் பல நூற்றாண்டுப் பழக்கத்தின் மீதும் அதை விற்றுப் பிழைத்த ஏழைகள் மீதும் பழி விழுந்ததென்பதை மறைத்தலும் முறையன்று.

இவற்றையெல்லாம் படித்தபின் நம் இல்லத்திலும் அரேப்பா செய்து பார்த்தோம். இவ்வடநாட்டுக் கடையில் ரொட்டிக்கு விற்கும் மக்காச்சோள மாவைப் பிசைந்தோம். அடை தோசைக்கல்லிலேயே உதிர்ந்தது. பச்சை மாவு அவ்வாறு ஒட்டாது. மறுமுறை வீட்டார் உமி நீங்கிய சோளத்தை இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் வேகவைத்து அரைத்து, உப்பிட்டுப் பிசைந்து, விரற்கடைப் பருமனில் தட்டி இளந்தீயில் சுட்டனர். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. தக்காளியும் வெங்காயத்தாளும் வதக்கிய ‘ஓகாவோ’ தொட்டுக்கொள்ள இருந்தது. காரம் போதவில்லையென்று பிள்ளைகள் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கேட்டனர். கொடுத்தோம். மிளகாயும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதானே.