புதுப்பாளையத்து ஆசிரமமும் ஏழைச் சிறுவனின் கல்வியும்

1925 பிப்ரவரி 6ஆம் நாள், அன்றைய சேலம் மாவட்டத்துத் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் திறக்கப்பெற்றது. அதனை நிறுவியவர் சேலத்தில் வழக்கறிஞராகப் புகழீட்டி, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி. நிலம் ஈந்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். திறந்து வைத்தவரோ, அந்நாளில் காங்கிரசில் இருந்த ஈ.வெ.ராமசாமிப் பெரியார். இவ்விரு பெயர்களும் ஒரே விழாவில் இணைந்து நின்றதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்பன ஆசிரமத்தின் பணிகள். ஒடுக்கப்பட்ட குலத்தாரும் ஏனையோரும் அங்கே உடன் வாழ்ந்து உடன் உண்டனர். நான்கு சுவர்களுக்குள் எழுத்தறிவிப்பது மட்டுமே கல்வியெனக் கருதுவோர்க்கு இவை கல்விக்குப் புறம்பான பணிகளாகத் தோன்றலாம். அவ்வட்டாரத்து ஏழைச் சிறுவனின் நிலையை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு கருதார். தறி வீட்டுப் பிள்ளைக்குத் தார் சுற்றும் வேலை காத்திருந்தது. மேட்டுக்காட்டுப் பிள்ளைக்கு ஆடு மேய்க்கும் வேலை காத்திருந்தது. தந்தையின் கூலி கள்ளுக்கடையில் கரைந்துவிட்டால், அடுத்த வேளைச் சோற்றுக்கு மகனின் உழைப்பே துணை. சேரிச் சிறுவனுக்கோ பள்ளித் திண்ணையே எட்டாத தொலைவு. பசி, குடும்ப உழைப்பு, சாதி என்னும் இம்மூன்று தடைகளையும் அகற்றாமல் பள்ளிக்கூடத்தை மட்டும் கட்டி வைப்பதாற் பயனில்லை.

ஆசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழ் வெளிவந்தது. கல்கி அதில் துணைநின்றார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1937 அக்டோபர் முதல் நாள், முதலமைச்சர் பொறுப்பிலிருந்த இராஜாஜி மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்திலேயே முதன்முதலாக நடைமுறைப்படுத்தினார். மதுவிலக்கால் அரசுக்கு நேர்ந்த வருவாய் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு 1939இல் விற்பனை வரியும் பிறந்தது.

இதே பெருமகனார் மீண்டும் முதலமைச்சரானபோது, 1953இல் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் பெரும் புயலைக் கிளப்பியது. கிராமப்புறப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். இருக்கின்ற கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்னும் கணக்கு அதில் இருந்தது. பதினான்கு வயது வரை அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசியலமைப்பு பத்தாண்டுக் கெடு விதித்திருந்த காலம் அது. ஆகவே அக்கணக்கைப் பொருளற்றதெனத் தள்ளிவிட இயலாது. ஆயினும், தகப்பன் தொழிலைப் பிள்ளைக்கு விதிப்பது குலத்தையே விதிப்பதாகாதா? 'குலக்கல்வி' என்று பெயரிட்டு அதனை எதிர்த்துப் போராடியவர்களில் முதன்மையானவர், புதுப்பாளையத்து ஆசிரமத்தைத் திறந்து வைத்த அதே பெரியார்! 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சியில், மே மாதம் திட்டம் கைவிடப்பெற்றது.

இவ்வரலாற்றில் ஒருவரை வில்லனாக்கி மற்றவரை வீரராக்குவது நம் நோக்கமன்று. ஒரே மனிதர் தாழ்த்தப்பட்டோரைத் தம் பந்தியில் அமர்த்தியதும் உண்மை. ஏழைச் சிறுவனின் நாளில் பாதியை அவன் தகப்பனின் தொழிலுக்கு ஒதுக்கியதும் உண்மை. இரக்கம் ஒன்று, எதிர்காலத்தைத் திறந்து விடுதல் மற்றொன்று என்பதையே நாம் இங்குக் காண்கிறோம்.

அடுத்து வந்த மாற்றம் சோற்றிலிருந்து தொடங்கியது. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவு முயற்சியை, 1956 முதல் காமராசர் ஆட்சி மாநிலமெங்கும் விரிவாக்கியது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர்மக்களின் நன்கொடையைத் திரட்டி அதற்கு உறுதுணையானார். அரை நாள் பள்ளியால் தீர்க்க முயன்ற சிக்கலை, ஒரு வேளை உணவு வேறு வழியில் அணுகியது. சிறுவன் முழுநாளும் வகுப்பில் அமர முடிந்தது.

சமுதாய முயற்சிகளும் இவ்வட்டாரத்துக்குப் புதியனவல்ல. 1911 வரை சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த திருப்பத்தூர் வட்டத்தின் வாணியம்பாடியில், 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வணிகர்களின் கொடையும் ஊராரின் அக்கறையும் அதற்கு அடித்தளமாயின.

இன்று நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்கி வருகின்றன, போற்றத்தக்க பணி. ஆயினும் தொகையைக் கையளித்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. அவன் காலையில் உண்டானா, அவன் வருவாயை எதிர்பார்த்து வீடு நிற்கிறதா, அவன் அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்ல அவன் தெருவில் எவரேனும் உண்டா என்று கேட்டறிய ஒரு பெரியவர் வேண்டும். கடைக்கோ பட்டறைக்கோ அனுப்பிவிடுவதே அவனுக்கு நல்லது என அவனைக் கேளாமலே முடிவு செய்யும் நல்லெண்ணம் நம்மிடையேயும் உண்டு. 1953ஆம் ஆண்டின் படிப்பினை அந்த நல்லெண்ணத்துக்கே உரியது.