தகடா, இழையா? வீட்டுக் கொட்டகையில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் மேலுடல் வரலாறு

1948ஆம் ஆண்டு. லண்டனின் வட பகுதியான மஸ்வெல் ஹில்லில், காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்புறம் இருந்த ஒரு கார்க் கொட்டகையில், கட்டமைப்புப் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்ற இளைஞர் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றின் மேலுடலைக் கழற்றி எறிந்தார். அதனிடத்தில் பிளைவுட்டின்மேல் அலுமினியத் தகட்டை ஒட்டிப் புதிய மேலுடலைக் கட்டினார். பின்னாளில் லோட்டஸ் மார்க் 1 என்று பெயர்பெற்ற கார் அதுதான். அடுத்த கால் நூற்றாண்டில் பிரிட்டனின் கொட்டகைகளில் இத்தகைய கார்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. முடிவுறாமல் போனவையும் பல. அவற்றைக் கட்டத் தொடங்கிய ஒவ்வொருவரும் முதலில் விடை காண வேண்டியிருந்த கேள்வி ஒன்று: மேலுடலை எதனால் செய்வது? எஃகாலா, அலுமினியத்தாலா, மரத்தாலா, கண்ணாடியிழையாலா?

இக்கேள்வியின் வரலாறு பெரும்பாலும் ஒரே போக்கில் சொல்லப்படுகிறது. கனமான எஃகிலிருந்து இலகுவான அலுமினியத்துக்கும், அங்கிருந்து நவீனமான கண்ணாடியிழைக்கும் தொழில்நுட்பம் படியேறிச் சென்றது என்பது அக்கதை. வாகன வரலாற்று நூல்கள் சாப்மனின் எடைகுறைப்புப் பற்றை இதற்குச் சான்றாக முன்வைக்கும். எளிய பெருக்கல் கணக்குக்கே இக்கதை தாக்குப்பிடிப்பதில்லை.

கணக்கைப் பார்க்கலாம். எஃகின் அடர்த்தி தண்ணீரைப் போல் 7.85 மடங்கு, அலுமினியத்தினது 2.7 மடங்கு, கையால் பூசிய கண்ணாடியிழையினது ஏறத்தாழ 1.5 மடங்கு. இவ்வளவில் நிறுத்தினால் இழைக்கே வெற்றி. ஆனால் எவரும் கன அளவைக் கொண்டு மேலுடல் செய்வதில்லை. பரப்பைக் கொண்டே செய்கிறார்கள். 0.9 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 7 கிலோ. 1.2 மில்லிமீட்டர் அலுமினியம் 3.2 கிலோ. கண்ணாடியிழையின் விறைப்பு அலுமினியத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் தேறாது என்பதால் அதை மெல்லியதாக விட முடியாது; 3 மில்லிமீட்டராவது வேண்டும். அதன் எடை 4.5 கிலோ. ஆக, வீட்டில் பூசிய இழைத்தகடு அலுமினியத்தைவிடக் கனமானது. பழகாத கை ரெசினைத் தாராளமாக ஊற்றிவிட்டால் அது இன்னும் கனக்கும். எடைதான் காரணமென்றால் இழை வந்திருக்கவே கூடாது.

பின் ஏன் வந்தது? விடையைத் தேடப் போரின் பின்விளைவுகளிலிருந்து தொடங்க வேண்டும். 1940களின் இறுதியில் பிரிட்டனில் எஃகு பங்கீட்டுக்கு உட்பட்டிருந்தது. விமானத் தொழில் சுருங்கியதால் அலுமினியம் எளிதாகக் கிடைத்தது. 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவரின் மேலுடல் அலுமினியக் கலவையால் ஆனதற்கு இதுவே முதன்மைக் காரணம்; துருப்பிடிக்காத தன்மை பிறகு கண்டுகொண்ட நன்மை. கொட்டகைக்காரர்களும் அலுமினியத்தை நாடினர். சட்டகத்தின் பக்கங்களை மூடுவது கடினமன்று: தகட்டை வெட்டி, விளிம்பை மடித்து, ரிவெட் அடித்தால் போதும். இடர் வந்தது மூக்கிலும் மட்கார்டிலும்.

ஒரு தாளைக் குழலாகச் சுருட்டலாம். தேங்காயின்மேல் சுருக்கமின்றிப் போர்த்த முடியாது. ஒரு திசையில் மட்டும் வளையும் பரப்புக்கும் இரு திசைகளிலும் வளையும் பரப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரண்டாவது வகைக்குத் தகட்டை ஓரிடத்தில் நீட்டி, வேறோரிடத்தில் சுருக்க வேண்டும். மணல் பையின்மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டி, இங்கிலீஷ் வீல் எனப்படும் இரட்டை உருளைக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஓட்டி வடிவம் கொண்டுவர வேண்டும். அடிக்க அடிக்க அலுமினியம் இறுகும். மீண்டும் சூடாக்கி இளக்க வேண்டும். உருகும் வெப்பநிலையை எட்டும்போதும் அது எஃகுபோல் சிவந்து எச்சரிப்பதில்லை. எனவே தகட்டில் சோப்பைத் தேய்த்து, அது கருகும் நேரத்தில் தீயை விலக்குவது பட்டறை வழக்கம். இதைக் கற்க ஆண்டுகள் ஆகும். நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் முதிய கைகள் தகட்டைத் தடவியே மேடுபள்ளம் சொல்வதைக் கண்டவர்களுக்கு இது புரியும். லோட்டஸ் மார்க் 6இன் தகடுகளைச் சாப்மன் தாமே அடிக்காமல் வில்லியம்ஸ் அண்ட் பிரிட்சர்ட் என்ற தகடுவேலை நிறுவனத்திடம் ஒப்படைத்தார். வாரக் கூலியில் கார் கட்டிய இளைஞர்களுக்கு அந்தச் செலவு எட்டாதது.

கண்ணாடியிழை அந்த இடைவெளியில்தான் நுழைந்தது. கண்ணாடியை மென்னூலாக இழுக்கும் தொழில் 1930களின் அமெரிக்காவில் வளர்ந்தது. பாலியெஸ்டர் ரெசினும் அதே காலத்தது. போர்க்காலத்தில் விமானப் பாகங்களிலும் பின்பு படகுகளிலும் பழகிய இச்சேர்க்கையைக் காருக்குக் கொண்டுவந்தவர்களுள் கலிபோர்னியாவின் பில் டிரிட் முக்கியமானவர். அவர் படகு கட்டுபவர். 1951இல் அவர் செய்த மேலுடலின் வழியே கிளாஸ்பார் ஜி2 பிறந்தது. 1953இல் ஜெனரல் மோட்டார்ஸ் முதல் ஆண்டில் 300 கார்வெட் கார்களை இழை மேலுடலுடன் செய்தது. பெருநிறுவனத்துக்கும் கொட்டகைக்காரருக்கும் ஒரே ஈர்ப்பு: எஃகை அழுத்தி வடிக்கும் பேரச்சுகளுக்குச் செலவிடத் தேவையில்லை.

இழையின் இரகசியம் அச்சில் இருக்கிறது. முதலில் மரமும் பிளாஸ்டரும் கொண்டு ஒரு மூல வடிவத்தைத் தேய்த்துத் தேய்த்து உருவாக்குவர். அதன்மேல் மெழுகு பூசி எதிரச்சு எடுப்பர். பிறகு அச்சுக்குள் ஜெல் கோட் பூச்சும், இழைப்பாயும், ரெசினும் அடுக்கடுக்காக ஏறும். மூல வடிவம் செய்பவருக்கு மட்டுமே கண்ணும் கையும் வேண்டும். பூசுபவருக்குத் தூரிகையும் பொறுமையும் போதும். கொலு பொம்மை செய்பவர்கள் அறிந்த கணக்குதான் இது: நல்ல அச்சு ஒன்று அமைந்தால் நூறு கிருஷ்ணர்கள் வருவார்கள். உலோகத்தில் ஒவ்வொரு மட்கார்டுக்கும் திறனை மீண்டும் செலவிட வேண்டும். இழையில் அது ஒருமுறை அச்சில் உறைந்துவிடுகிறது. பொருள் மாறியதைவிட, திறன் குடியிருக்கும் இடம் மாறியதே பெரிய மாற்றம்.

1950களின் நடுவில் பீட்டர் பெலண்டைனும் கீத் வாடிங்டனும் தொடங்கிய ஆஷ்லி லாமினேட்ஸ், பின்னர் பெலண்டைன் தனித்து நடத்திய ஃபால்கன் ஷெல்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆஸ்டின் செவன், ஃபோர்டு அடிச்சட்டகங்களுக்குப் பொருந்தும் இழை ஓடுகளை விற்றன. விளம்பரப் படத்தில் அது இத்தாலியப் பந்தயக் கார். வீட்டுக்கு வந்தபோது வெற்றுக் கூடு. தாங்குசட்டம், விளக்கு, கீல் ஆகியவற்றை வாங்கியவரே பொருத்த வேண்டும். சில ஓடுகளில் கதவையும் அவரே அறுத்தெடுக்க வேண்டும். குளிர்காலக் கொட்டகையில் ரெசின் எளிதில் இறுகாது. ஸ்டைரீன் நெடி வீடெங்கும் பரவும். அதன் தீங்கைப் பற்றி அன்று கவலைப்பட்டோர் சிலரே.

மரத்தையும் மறந்துவிடக் கூடாது. டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிராங்க் காஸ்டின், ஜெம் மார்ஷுடன் இணைந்து 1959இல் தொடங்கிய மார்கோஸ் கார்களின் அடிச்சட்டகமே பிளைவுட்டால் ஆனது. கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அந்தக் கார்கள் பந்தயங்களை வென்றன.

அரசின் பங்கும் சிறிதன்று. முழுக் கார்மீது கொள்முதல் வரி இருந்தது. 1951இல் அது மொத்தவிலையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியது. உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிய காருக்கு அந்த வரி இல்லை. விற்பவர் பூட்டும் முறையை எழுதித் தரக்கூடாது என்பதால் கழற்றும் முறையை எழுதித் தந்து, பின்னிருந்து முன்னாகப் படிக்கச் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும், ‘வீட்டில் கட்டிய கார்’ என்ற வகையையே வரிச்சட்டம் வளர்த்தது என்பதில் ஐயமில்லை. பொழுதுபோக்கின் வரலாறாக மட்டும் இதை எழுதுவோர் நிதிநிலை அறிக்கைகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1957இல் சாப்மன் இரு துருவங்களை ஒரே ஆண்டில் வெளியிட்டார். எலைட் காரில் மேலுடலே அடிச்சட்டகம். ஏறக்குறைய முழுமையும் கண்ணாடியிழை. சுமார் ஆயிரம் கார்களே செய்யப்பட்டன, வணிகத்தில் நட்டம். அடுத்து 1962இல் வந்த எலான் காரில் எஃகு முதுகெலும்பின்மேல் இழை மேலுடல் அமர்ந்தது. மற்றொன்று லோட்டஸ் செவன்: குழாய்ச் சட்டகம், அலுமினியப் பக்கங்கள், அலுமினிய மூக்கு. 1960இல் அதன் இரண்டாம் வரிசையில் மூக்கும் மட்கார்டுகளும் மட்டும் இழைக்கு மாறின. பக்கங்கள் அலுமினியமாகவே நின்றன. தட்டையான இடத்தில் தகடு, இருபுறம் வளையும் இடத்தில் இழை. இவ்வளவு தெளிவான விடை இத்துறையில் வேறில்லை.

1970இல் லோட்டஸ் அவ்விடையைக் கைவிட்டு, நான்காம் வரிசைக்கு முழு இழை மேலுடல் அணிவித்தது. 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி மறைந்து மதிப்புக்கூட்டு வரி வந்தது. உதிரித் தொகுப்புக்கு இருந்த சலுகையும் போயிற்று. அதே ஆண்டு லோட்டஸிடமிருந்து உரிமை பெற்ற கேட்டரம் நிறுவனம் நான்காம் வரிசையைச் சிறிது காலம் செய்துவிட்டு, 1974இல் பழைய மூன்றாம் வரிசைக்குத் திரும்பியது. அலுமினியப் பக்கங்கள், இழை மூக்கு. அந்த வடிவம் அரை நூற்றாண்டாக விற்பனையில் உள்ளது. படியேறும் முன்னேற்றக் கதையில் இப்பின்வாங்கலுக்கு இடமில்லை.

இந்தியாவில் வீட்டில் கார் கட்டும் மரபு வேரூன்றவில்லை. ஆனால் அச்சின் தர்க்கம் இங்கும் வந்தது. பெங்களூரின் சன்ரைஸ் நிறுவனம் 1970களின் இறுதியில் இழை மேலுடலுடன் பாதல் என்ற மூன்றுசக்கரக் காரைச் செய்தது. அதன் வழிவந்த சிபானி, 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை டால்பின் என்ற பெயரில் இறக்கியது, அதுவும் இழையே. 1998இல் சான் மோட்டார்ஸின் இருவர் அமரும் சான் ஸ்டார்ம் அதே வழியில் வந்தது. சிறு முதலீட்டாளருக்கு எஃகு அச்சு எட்டாக்கனியாக இருந்த இடங்களிலெல்லாம் இழை தோன்றியிருக்கிறது. உரிம ஆட்சிக்கால வாகனத் தொழிலைப் பற்றிய ஆய்வுகள் இக்கோணத்தில் டால்பினைப் பார்ப்பது அரிது.

1996இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். ஒரு அங்குலச் சதுர எஃகுக் குழாய்கள், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரின் பாகங்கள், லோட்டஸ் செவனின் சாயல். பக்கங்களுக்கு அலுமினியத் தகடும் ரிவெட்டும். மூக்குக்கும் மட்கார்டுகளுக்கும் கண்ணாடியிழை.